லூப் ரோடு வழியாக

"புடுங்கிடலாமாம்மா?"

ஐஸ் பெட்டியின் ப்ளக்கில் கையை வைத்துக்கொண்டு ஏசுராஜ் கேட்டார். அஸ்வினி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கனமான மூன்று முனை ப்ளக். அந்த வீட்டில் அதற்குப் பொருந்துகிற இடம் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒன்றுதான். நேற்று சாயங்காலம் ஃப்ரிட்ஜைப் பிடுங்கிவிட்டுத்தான் இதைச் செருகினார்கள். பாலும் இட்லி மாவும் மேல்மாடி வீட்டுக்குப் போயின. ஃப்ரிட்ஜ் செய்கிற வேலையைத்தான் இந்தப் பெட்டியும் செய்கிறது. அது குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளிய சூடு எங்கேயாவது போயாக வேண்டும். பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அந்தோணியம்மாளின் முதுகில் அது விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. புடவை வியர்வையில் ஒட்டியிருந்தது. மகனின் கால்மாட்டை விட்டு அவள் நகரவில்லை.

ஏசுராஜ் அந்தப் பகுதி அன்பியத்தின் தலைவர். பங்குக் கோயிலைச் சேர்ந்த கொஞ்சம் வீடுகள் கூடி வைத்திருக்கிற குழுதான் அன்பியம். பட்டினப்பாக்கம் குடியிருப்பில் கத்தோலிக்க வீடு எதிலாவது சாவு விழுந்தால் ஐஸ் பெட்டி பிடிப்பது, கோயில் மணி அடிக்கச் சொல்வது, சவப்பெட்டிக்கு அளவு கொடுப்பது, குழி வெட்ட ஆள் அனுப்புவது எல்லாம் அவர்தான். குரல் பெரிது, மனசும் அப்படியே. நேற்றிலிருந்து அவர் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை.

"மூணரைக்குப் பூசை. அஞ்சு மணிக்கு ஃபாதரு வேற எடத்துக்குப் போவணும். மந்தவெளில ஒரு வூட்ல இந்தப் பொட்டிக்குக் காத்துகினு கீறாங்கோ. அத்த வுடு, அது பெருசில்ல. குயி வெட்டியாச்சும்மா. வானத்தப் பாத்தியா? ராவுல மய ஊத்துச்சுன்னா ஆத்துத் தண்ணி ஏறி குயி ரொம்பிடும். தண்ணிலயா நம்ம ராபர்ட்ட வெக்கிறது?"

"பெரியவன் வரட்டும்," என்றாள் அந்தோணியம்மாள், யாரையும் பார்க்காமல்.

பெரியவன் என்றால் வேதநாயகம், ராபர்ட்டின் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வீடு அது. அதனால் திங்கள் விடிவதற்குள் மூன்று ஆட்களோடு ஃபைபர் படகில் கிளம்பிப் போயிருந்தார். ஒரு ராத்திரி கடலிலேயே தங்கி, மறுநாள் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். அவர் கிளம்பிய அன்று மத்தியானம்தான் அடையாறு ஆபீஸில் ராபர்ட் தண்ணீர் கேட்டு, அந்த டம்ளரை வாங்குவதற்குள் மேசைமேல் சாய்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. முப்பத்தொன்பது வயது.

இவர்களுடைய அப்பாவும் கடலில்தான் போனார். படகு மட்டும் கோவளம் பக்கம் ஒதுங்கியது. முகம் பார்க்கவில்லை, ஒரு பிடி மண் போடவில்லை. அப்போது வேதநாயகத்துக்கு மீசை அரும்பவில்லை, ராபர்ட் இடுப்புக் குழந்தை. கடல் பக்கம் வந்தால் காலை உடைப்பேன் என்று சொல்லித் தம்பியைப் பள்ளிக்கூடத்துக்கும் காலேஜுக்கும் விரட்டியவர் அண்ணன்தான். ராபர்ட்டுக்குப் பிள்ளை இல்லை. முதல் பிடி மண் அண்ணன் கையால்தான் விழ வேண்டும். அந்தோணியம்மாள் இதையெல்லாம் சொல்லவில்லை. அவள் சொன்னது 'பெரியவன் வரட்டும்' என்பது மட்டும்தான்.

மத்தியானம் கரை சேர்ந்த ஒரு படகின் ஆட்கள் நேராக வீட்டுக்கு வந்தார்கள். காலையிலேயே வாக்கி டாக்கியில் விஷயத்தைச் சொல்லிவிட்டார்களாம். உடனே வலையைச் சுருட்டிக்கொண்டு வேதநாயகம் திரும்பிவிட்டாராம். சின்ன எஞ்சின், எதிர்க்காற்று, சாயங்காலம் ஆகும். "எங்க பின்னாலதான் வந்துகினு இருந்தாரு. அப்பால..." என்று ஒருவன் இழுத்தான். பக்கத்தில் நின்றவன் அவன் விலாவில் முழங்கையால் இடித்தான். "வந்துடுவாரும்மா," என்று முடித்துவிட்டான்.

எல்லோரும் பேசியவனைப் பார்த்தார்கள். அஸ்வினி முழங்கையைப் பார்த்தாள். அது அவள் தொழில்.

*

அவளும் ராபர்ட்டும் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர்கள். அங்கேதான் பழகி, இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். என்ன வேலை என்று கோடம்பாக்கத்தில் அவளுடைய அப்பாவுக்குப் புரியவைக்கவே பாதி நாள் ஆனது. "மேட்ச் பாக்கறதுக்கு சம்பளம் குடுக்கறானா? எங்களையும் சேத்துக்கச் சொல்லும்மா" என்றார்.

மேட்ச் பார்ப்பதுதான். அமெரிக்கக் கல்லூரிகள் சனிக்கிழமைகளில் தங்கள் ஊர் ஃபுட்பாலை ஆடுகின்றன. அதில் பந்தைக் காலால் உதைப்பது குறைவு. இரண்டு முனையும் கூரான பந்தைக் கையில் பிடித்து ஓடுவார்கள், எறிவார்கள். அந்த வீடியோ அடையாறுக்கு வரும். சின்னக் கல்லூரிகளுடையது ஒரு நாள் தள்ளி வரும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை பேர் எங்கே நின்றார்கள், ஓடினார்களா எறிந்தார்களா, எவ்வளவு தூரம் கிடைத்தது என்று குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே கோச்சுகள் அதை வைத்து அடுத்த வாரத்துக்கு யோசிப்பார்கள். அஸ்வினி குறிக்கிறவள். ராபர்ட் சரிபார்க்கிறவன். வீட்டுச் சண்டையில் பாதி இதனால் வந்ததுதான்.

கபடி தெரிந்தவருக்கு இந்த ஆட்டம் சுலபமாகப் பிடிபடும். ஒரு மூச்சு நேரம்தான் ஆடுவார்கள். பிறகு நிறுத்தி, கூடிப் பேசி, மறுபடியும் ஒரு மூச்சு. நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிரிக்குப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் பந்து முதலில் ஒருவன் கைக்கு வரும். அவன் குவார்ட்டர்பேக், ஆபீஸ் பாஷையில் க்யூபி. அவனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் சுவர் மாதிரி நின்று, பாய்ந்து வருகிறவர்களை மறிப்பார்கள். அந்தச் சுவருக்குள் இருக்கிற சின்ன இடத்துக்குப் பாக்கெட் என்று பெயர். மனிதச் சுவர் எவ்வளவு நேரம் தாங்கும்? இரண்டு மூன்று வினாடி. அதற்குள் தூரத்தில் ஓடுகிற தன் ஆட்களில் எவன் தனியாக இருக்கிறான் என்று பார்த்து எறிய வேண்டும். முடியாவிட்டால் தானே பந்தோடு ஓட வேண்டும்.

நிற்பதா, ஓடுவதா? ராபர்ட்டும் அஸ்வினியும் ஆறு வருஷமாக இதைத்தான் பேசினார்கள். அயோவா பக்கம் ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒரு க்யூபி இருந்தான். பதினொன்றாம் நம்பர் சட்டை, ஒல்லிப் பையன். அவன் குரலை இவர்கள் கேட்டதில்லை. முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை, தலைக்கவசம் மறைத்திருக்கும். ஆனால் அவனுக்கு எந்த முழங்கால் வலி என்பது வரை தெரியும். அவன் நிற்க வேண்டியவன் என்பது அஸ்வினி கட்சி. ஓட வேண்டியவன் என்பது ராபர்ட் கட்சி.

"அவன் கையி தங்கம்ங்க. இன்னும் ஒரே ஒரு நிமிஷம் நின்னிருந்தா அந்த லெஃப்ட்ல இருந்தவன் தனியா நின்னான்."

"நிமிஷமா? அவனுக்குக் கெடைக்கிறது கண்ணு மூடித் தொறக்கிற நேரம். அதுலயும் நம்ம ஆளு முன்னாடி நிக்கிற அஞ்சு பேரும் வெண்ணெ. அங்க நின்னா இன்னா ஆவும்? எலும்ப எண்ணிக்கலாம்."

"பயந்துட்டு ஓடறதுக்குப் பேரு ஆட்டமா?"

"பயமில்ல அஸ்வினி. எல்லாரையும் பாத்தா ஓடவும் முடியாது, நிக்கவும் முடியாது. ஒருத்தன மட்டும் பாரு. அவன் எங்க பாக்குறானோ அத்த வெச்சு முடிவு பண்ணு."

அதுவும் ஓர் உத்திதான். எதிரணியில் ஒருவனை மட்டும் வேண்டுமென்றே மறிக்காமல் விட்டுவிடுவார்கள். க்யூபி அவனை மட்டும் கவனிப்பான். அவன் உள்ளே பாய்ந்தால் இவன் வெளியே போவான், அவன் வெளியே நின்றால் பந்தை உள்ளே ஓடுகிற தன் ஆளிடம் கொடுத்துவிடுவான். அத்தனை பேர் ஓடுகிற மைதானத்தில் ஒருவனைப் பார்த்தால் போதும் என்பது ராபர்ட்டுக்கு அதிசயமாக இருந்தது. சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவான். அடையாறு பாலத்தில் டிராஃபிக்கில் மாட்டினால் பைக்கை இரண்டு ஆட்டோக்களுக்கு நடுவே நுழைத்துவிட்டு, "பாத்தியா, லெஃப்ட் ஆட்டோக்காரன மட்டும்தான் பாத்தேன்" என்பான். அவள் முதுகில் குத்துவாள்.

கடைசிச் சண்டை நேற்றுதான், ஒரே ஒரு துண்டு வீடியோ பற்றி. எறிவதற்காகப் பின்வாங்கிய பதினொன்று, சுவர் உடைந்ததும் பக்கவாட்டில் வெளியே வந்து, ஓடி, எறியாமலே கோட்டுக்கு வெளியே போய்விட்டான். இதை ஓட்டம் என்று குறிப்பதா, எறிதல் என்று குறிப்பதா? எறியப் போட்ட திட்டம், அதனால் எறிதல்தான் என்று அஸ்வினி குறித்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டாள். ராபர்ட் அதைத் திருப்பி அனுப்பியிருந்தான். சோறு வடித்துக்கொண்டிருந்தவள் ஃபோனில் பார்த்து, 'சாயங்காலம் வாங்க, பேசிக்கலாம்' என்று பதில் போட்டாள்.

*

மெஹபூப் அலி வந்தபோது அவள் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். ஆபீஸில் ராபர்ட்டின் பக்கத்து நாற்காலி அவருடையது. மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தங்கச்சி, ஒன்னு சொல்லணும். இப்ப சொல்லலாமா இன்னான்னு தெர்ல."

"சொல்லுங்கண்ணா."

"தண்ணி கேட்டான் பாரு, அதுக்கு முன்னாடி என்னக் கூப்ட்டான். 'பாய், இங்க வா, இத்தப் பாரு'ன்னு அந்தக் க்ளிப்ப நிறுத்தி நிறுத்திக் காட்டுனான். 'கால் ஓடுது, கண்ணு ஓடல பாய். கடைசி வரைக்கும் தூரத்துலயே பாத்துகினு கீறான். இது ஓட்டமில்ல. அஸ்வினி போட்டதுதான் கரெக்ட்டு. வூட்டுக்குப் போனா தல மேல ஏறி ஒக்காந்துப்பா'ன்னு சிரிச்சான்."

அஸ்வினி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என் மனசுக்காகச் சொல்றீங்களா?"

"ராபர்ட் தோத்துட்டான்னு சும்மானாச்சும் சொல்ற ஆளா நானு? நா அவன் கட்சி."

அவள் தலையாட்டினாள். மாலையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஏசுராஜ் இன்னும் ப்ளக் பக்கத்திலேயே நின்றிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ சொல்லும்மா. பொண்டாட்டி நீ. நீ சொன்னா கெயவி ஒத்துக்கும். பூசைய முடிச்சிட்டு வண்டில ஏத்துனா நாலே முக்காலுக்கு எல்லாம் முடிஞ்சிரும். இல்ல நாளைக்குத்தான்னா இப்பவே சொல்லிடு. ஆனா மய..." என்றார்.

வீடு நிறைய ஆட்கள். கோடம்பாக்கத்திலிருந்து வந்த அம்மா கையைப் பிசைந்தாள். யாரோ காப்பி குடிம்மா என்றார்கள். வெளியே சவப்பெட்டிக்குப் பூ சுற்றுகிறவன் ஊசி கேட்டுக் குரல் கொடுத்தான். அஸ்வினி மாமியாரை மட்டும் பார்த்தாள்.

அந்தோணியம்மாள் பெட்டியைப் பார்க்கவில்லை. நேற்றிலிருந்தே அவள் அதைப் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் அஸ்வினிக்கு உறைத்தது. கால்மாட்டில், அந்தச் சூடு அடிக்கிற இடத்திலேயே, ஏன் உட்கார்ந்திருக்கிறாள்? அஸ்வினி குனிந்து அந்தக் கண்கள் போகிற வழியில் பார்த்தாள். திறந்த கதவு, எதிர் பிளாக்குக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஒரு சந்து, சந்தின் முடிவில் கடல், ஒரு பாவாடை நாடா அகலத்துக்கு.

"கெளம்பலாம்ண்ணா," என்றாள் அஸ்வினி.

அந்தோணியம்மாளின் தலை திரும்பியது.

"பூசை முடிஞ்சதும் வண்டி வேணாம். தோள்லயே தூக்கிட்டுப் போலாம். லூப் ரோடு வழியா."

"லூப் ரோடா?" ஏசுராஜ் ப்ளக்கிலிருந்து கையை எடுத்தார். "அது சுத்தும்மா! கடலோரம் மீன் மார்க்கெட்டு, சாயங்காலக் கூட்டம், போலீசு வேற கத்துவான். ஃபாதரு அவ்ளோ தூரம் நடக்க மாட்டாரு."

"உபதேசியாரு வரட்டும். செபம் அவரு சொல்லட்டும்."

"எதுக்கும்மா லூப் ரோடு?"

அவள் பதில் சொல்வதற்குள் அந்தோணியம்மாள் கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள். முதுகில் ஒட்டிய புடவையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அவ சொல்றதச் செய்யி ஏசு," என்றாள்.

ஏசுராஜ் ப்ளக்கைப் பிடுங்கினார். பெட்டியின் உறுமல் நின்றதும் வீடு ஒரேயடியாக அமைதியானது.

*

கோயிலிலிருந்து கல்லறைக்குப் பிணத்தைத் தோளில் கொண்டுபோவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மூன்று பேர். உயரமானவர்கள் பின்னால். கொஞ்ச தூரத்துக்கு ஒருதரம் நின்று ஆள் மாற வேண்டும். மாறும்போது பெட்டி சாயாமல் இருக்க, புதியவன் தோளைக் கொடுத்த பிறகுதான் பழையவன் தோளை எடுக்க வேண்டும். நிற்கிற இடத்தில் செபமாலையின் மணிகளில் ஒரு பத்தை உருட்டிச் செபம் சொல்லுவார்கள். நடக்கிற வேகத்தை இந்த நிற்பதுதான் தீர்மானிக்கிறது.

அஸ்வினி அதைத்தான் பிடித்துக்கொண்டாள். லூப் ரோட்டில் திரும்பிய உடனேயே, "மாத்திக்கங்கண்ணா, தோள் வலிக்கும்" என்றாள். சுடுகிற எண்ணெய்ச் சட்டியோடு மீன் வறுக்கும் கடைகள் தாண்டியதும் மறுபடி. மீன் விற்கிற பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். அந்தோணியம்மாளோடு வரிசையில் உட்கார்ந்து விற்கிறவர்கள். ஒருத்தி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். பின்னால் கார்கள் நீளமாக ஹாரன் அடித்தன. ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் கை காட்டிக்கொண்டே வந்தவர், பெட்டிக்குப் பின்னால் நடக்கிற பெண்ணைப் பார்த்துவிட்டுக் கார்களை நோக்கிக் கையைத் திருப்பினார்.

மூன்றாவது முறை ஆள் மாறியபோது மெஹபூப் அலி முன்னால் தோள் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் அவள் பக்கத்தில் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பாக்கெட்ட வுட்டு வெளிய வந்துட்ட," என்றார்.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

வானம் ஈயப் பாத்திரம் மாதிரி கறுத்திருந்தது. அலை உயரமாக எழுந்து நுரையோடு விழுந்தது. புயல் எச்சரிக்கையால் படகுகளை மேட்டுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். தண்ணீரில் சில படகுகள் இன்னும் வந்துகொண்டிருந்தன. கோடம்பாக்கத்தில் பிறந்தவளுக்கு எல்லாப் படகும் ஒரே படகுதான். ஒவ்வொன்றையும் பார்த்தாள். ஒவ்வொன்றிலிருந்தும் வேறு யாரோ இறங்கினார்கள்.

"இன்னாம்மா, நாலு எட்டு வெச்சா மாத்து மாத்துன்ற," என்று ஏசுராஜ் வந்தார். கைக்கடிகாரத்தைத் தட்டினார். "இப்டிப் போனா குயி வெட்டுற பசங்க கெளம்பிடுவாங்க. இருட்டிடும்."

அஸ்வினி அவரைப் பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள். ஏசுராஜும் திரும்பிக் கடலைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டேய், நிறுத்துங்கடா!" என்று கத்தினார். "எல்லாரும் களைச்சிட்டீங்க. தோ, அந்த வலை மேல எறக்குங்க. மெதுவா, மெதுவா. உபதேசியாரே, இன்னொரு பத்து மணி சொல்லுங்கோ. அவசரமா ஒன்னும் சொல்ல வேணாம், நல்லா நிறுத்திச் சொல்லுங்கோ." பிறகு ஒரு பையனின் ஃபோனைப் பிடுங்கிக் குழிக்காரர்களைக் கூப்பிட்டார். "டேய், நா ஏசுராஜ். எவனாச்சும் மம்முட்டியத் தூக்கினு போனீங்க, அதே குயில உங்கள எறக்கிடுவேன்."

மடித்து வைத்த வலைக் குவியலின்மேல் பெட்டி இறங்கியது. செபம் தொடங்கியது. ஒரு பத்து முடிந்தது, இன்னொரு பத்து. தூறல் ஒன்றிரண்டு விழுந்தது. கூட்டத்தில் சிலர் வானத்தைப் பார்த்தார்கள். சிலர் காலை மாற்றி நின்றார்கள். "எவ்ளோ நேரம்..." என்று யாரோ ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். அஸ்வினிக்கு அந்தப் படகுக்காரனின் முழங்கை நினைவுக்கு வந்துகொண்டேயிருந்தது. வேதநாயகம் வராமலே போனால், கடலோரத்தில் நிறுத்தி வைத்து மாமியாருக்கு எதைக் காட்டப் போகிறாள்?

அந்தோணியம்மாள் கையை உயர்த்தினாள். செபம் சொன்னவர்கள் நிறுத்தினார்கள்.

"கேளு," என்றாள்.

அஸ்வினிக்கு அலைச் சத்தம்தான் கேட்டது. அதற்குள்ளிருந்து ஓர் எஞ்சின் சத்தம் பிரிந்து வந்தது. மூன்று தரம் அடித்து ஒரு தரம் விக்கியது. மறுபடி மூன்று அடித்து ஒரு விக்கல்.

"எத்தினி தபா சொன்னேன், அத்த ரிப்பேர் பண்ணுடான்னு," என்றாள் அந்தோணியம்மாள். அப்போதுதான், நேற்றிலிருந்து முதல்தரமாக, அவளுக்கு அழுகை வந்தது.

படகு அலை உடைகிற இடத்தைத் தாண்டுவதற்கு முன்பே வேதநாயகம் குதித்துவிட்டார். மார்பளவு தண்ணீரில் நடந்து, விழுந்து, எழுந்து வந்தார். கரையில் நின்றவர்கள் பிடிக்கப் போனதைத் தட்டிவிட்டார். வலைக் குவியலைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. ஏசுராஜ் மூடியைத் திறந்து பிடித்தார்.

வேதநாயகம் குனிந்தார். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. அது தம்பியின் முகத்தில் விழாமல் இருக்க ஒரு கையால் முடியைப் பின்னுக்கு அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "யார் சொன்னது, இந்த வழியா கொண்டாரச் சொல்லி?" என்றார்.

எல்லோரும் அஸ்வினி பக்கம் திரும்பினார்கள்.

"மாமா," என்றாள் அவள்.

அவர் தலையாட்டினார். மூடியைச் சாத்தி ஆட்கள் பெட்டியைத் தோளில் ஏற்றியதும் முன்பக்கம் போய், மெஹபூப் அலியின் தோளைத் தொட்டு, முதலில் தன் தோளைக் கொடுத்தார். பிறகுதான் அவரை விடச் சொன்னார்.

இப்போது யாரும் ஆள் மாறச் சொல்லவில்லை. வேகமாகப் போனார்கள்.

கல்லறையில் குழிக்காரர்கள் மண்வெட்டியோடு காத்திருந்தார்கள். குழியின் அடியில் நீர் ஊற ஆரம்பித்திருந்தது. ஆனால் தேங்கி நிற்கவில்லை. உபதேசியார் செபத்தைச் சுருக்கமாகச் சொன்னார். பெட்டி கயிற்றில் இறங்கி, அடியைத் தொட்டதும் கயிறுகள் தளர்ந்தன.

"பெரியவரே, மண்ணு," என்றார் ஏசுராஜ்.

வேதநாயகம் குனிந்து ஒரு பிடி அள்ளினார். குழிக்கு மேலே கையை நீட்டி விரல்களை விரித்தார். மண் விழவில்லை. கடல் தண்ணீரில் ஊறிய கை. மண் அப்படியே உள்ளங்கையில் அப்பிக்கொண்டது. கையை உதறினார். அப்போதும் விழவில்லை. விரித்த கையோடு, என்ன செய்வது என்று தெரியாதவர் மாதிரி நின்றார்.

அந்தோணியம்மாள் பக்கத்தில் வந்தாள். அந்தக் கையைத் தன் இடது கையில் வாங்கிக்கொண்டு, கட்டைவிரலால், மீனின் செதிலை வழிக்கிற மாதிரி, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்துக் குழிக்குள் தள்ளினாள். விரல் இடுக்குகளிலும் வழித்தாள். கை சுத்தமான பிறகும் அதை விடவில்லை.

அடுத்தது அஸ்வினியின் முறை. மண்ணை அள்ளியிருந்தாள். மழை வலுத்துக்கொண்டிருந்தது. யாரோ, "போடும்மா" என்றார்கள்.

மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அவர்கள் இருவரும் நகர்வதற்காக அவள் காத்து நின்றாள்.